நெஞ்சைத் திறந்து தைத்த மறுநாள் காலை

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, இதயத்தில் பைபாஸ் நடந்து நாலு மாசம் ஆகிறது. அதற்கப்புறம் எங்கள் ஊரான பள்ளத்தூரிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் யாருக்காவது அந்த ஆபரேஷன் என்றால் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். நான் டாக்டரும் இல்லை, மருந்துக்கடைக்காரனும் இல்லை, காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆச்சு, காப்பீட்டில் எவ்வளவு கழிந்தது, சாப்பாடு என்ன, இவ்வளவும் கேட்கிறார்கள். பிசியோதெரபி பற்றி இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை, நானும்தான் கேட்கவில்லை. பிசியோ என்றால் பக்கவாதம் வந்தவர்களுக்கு, கை கால் ஒடிந்தவர்களுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பைபாஸுக்கும் அது முக்கியம் என்பது எங்கள் வீட்டில் புரியாததால் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நாங்கள் பண்ணிய கூத்தைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

அப்பச்சிக்கு வயது 68, இருபது வருடச் சர்க்கரை. இதயக் குழாய்களில் மூன்று அடைப்பு. மதுரையில் ஆபரேஷன். இடது மார்புக்கு உள்பக்கமாக ஓடுகிற தமனி ஒன்றைத் திருப்பி இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைத்தார்கள், மற்ற இரண்டுக்கும் இடது காலிலிருந்து சிரையை உருவி எடுத்துத் தைத்தார்கள். நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள், அந்தக் கம்பி அப்படியே உள்ளேயே இருந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் யோசனை, அது என்ன கேஜ் (தடிமன்) கம்பியாக இருக்கும் என்பதுதான். தொழில் புத்தி.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஐ.சி.யு.வுக்குள் என்னை ஒரு பத்து நிமிடம் விட்டார்கள். மூச்சுக்குழாயை அன்று அதிகாலையில்தான் எடுத்திருந்தார்கள். நெஞ்சிலிருந்து இரண்டு குழாய், கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. அந்தக் கோலத்தில் கிடந்த மனிதரிடம் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பிசியோ பெண் வந்து நின்று, "ஐயா, எந்திரிச்சு உக்காரலாமா?" என்றார்.

அப்பச்சி மெல்ல என்னைப் பார்த்தார். "யாரைக் கேக்குது இந்தப் பிள்ளை?"

"உங்களைத்தான்யா. கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டு ரெண்டு நிமிஷம். நான் பிடிச்சுக்கிறேன்."

"ஏத்தா, என்னைய விட்டுரு. நேத்துத்தான் நெஞ்சைப் பொளந்திருக்காக."

அந்தப் பெண் சிரித்துவிட்டு மானிட்டரைப் பார்த்தார், நாடி, பி.பி., ஆக்சிஜன் மூன்றையும் ஒரு தாளில் குறித்தார், வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று நர்ஸிடம் கேட்டார், அதற்கப்புறம்தான் அவரைத் தொட்டார். வலதுபக்கம் ஒருக்களிக்க வைத்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோளைத் தாங்கித் தூக்கினார். அப்பச்சி உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் படுக்க வைத்துவிட்டு மறுபடியும் அந்த மூன்று எண்களைக் குறித்தார். வெளியே வந்து ஆத்தாவிடம், என் அம்மாவிடம், சொன்னால் அவர்கள் நம்பவில்லை, அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஏதோ ஆள் மாறிச் செய்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

எங்கள் வீட்டு பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஐயாவுக்கு, அதாவது அப்பச்சியின் அப்பாவுக்கு, 1974-ல் மாரடைப்பு வந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையைவிட்டு இறக்கவில்லையாம், சோறுகூட ஊட்டித்தான் விட்டார்களாம். இதயம் கெட்டால் அசையக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து சட்டம். அந்தக் காலத்தில் பல ஊர்களில் அதுதான் பழக்கம். ஆனால் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1952-லேயே மாரடைப்பு வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, படுத்தே கிடப்பதைவிட அது நல்லது என்று எழுதிவிட்டார்கள். பைபாஸ் வந்தது அதற்கும் பிறகு. கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து சிரை எடுத்து ஒட்டியது 1967-ல். நம் நாட்டில் முதல் பைபாஸை டாக்டர் கே.எம். செரியன் 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் செய்தார். ஐயா படுத்துக் கிடந்ததற்கு அடுத்த வருடம். இதெல்லாம் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தது. எட்டு நாள் அங்கே வேறு வேலை என்ன இருந்தது?

ஏன் இவ்வளவு அவசரம் என்று அந்த பிசியோ பெண்ணிடமே கேட்டேன். இதயத்தைவிட நுரையீரலுக்காகத்தான் என்றார். ஆபரேஷன் நேரத்தில் இதய-நுரையீரல் எந்திரம் வேலை பார்க்கும்போது நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். முடிந்த பிறகும் மயக்க மருந்தின் மிச்சம் இருக்கும், நெஞ்சு வலிக்கும் என்று பயந்து ஆள் மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார், இருமலையும் அடக்கிக்கொள்வார். அடிப்பகுதி, அதிலும் இடதுபக்கம், விரியாமல் ஒட்டிக்கொள்ளும், சளி தேங்கும், காய்ச்சல் வரும், நிமோனியா வரைக்கும் போகும். காலை அசைக்காமல் கிடந்தால் ரத்தம் கட்டும். வயசானவர்களுக்குத் தொடைச் சதை சீக்கிரம் வற்றிப்போகும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. நிமிர்ந்து உட்கார்ந்தாலே மூச்சுக்கு இடம் கிடைத்துவிடும் என்றார். அதனால்தான் முதல் பாடம் உட்காருவது.

படுத்துக்கொண்டே செய்ய ஒரு வேலையும் கொடுத்தார், இரண்டு பாதத்தையும் தையல் மெஷின் மிதிக்கிறமாதிரி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அதை அப்பச்சி விரும்பிச் செய்தார். பிடிக்காமல் போனது மூன்று பந்து டப்பாதான்.

அதைப் பார்த்திருப்பீர்கள், பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று அறை, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, 600, 900, 1200 என்று போட்டிருக்கும். ஸ்பைரோமீட்டர். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், பந்து மேலே போய் இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். அப்பச்சி முதல் நாள் முழுக்க சங்கு ஊதுகிற மாதிரி அதை ஊதிக்கொண்டிருந்தார். பந்து அசையவே இல்லை, நெஞ்சு வலி மட்டும் கூடியது, மெஷின் ரிப்பேர் என்று நர்ஸிடம் சண்டை. இந்தத் தப்பைப் பண்ணாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் முடிந்தால் ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னாலேயே டப்பாவை வாங்கிப் பழக்கிவிடுங்கள், வலியில்லாத நெஞ்சோடு பழகினது வலியுள்ள நெஞ்சுக்கு உதவும். எத்தனை பந்து ஏறும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும், எங்கள் ஆளுக்கு முன்னால் மூன்றும் ஏறியதா என்று யாருக்குமே தெரியாது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருதரம், பத்து இழுப்பு. பத்தையும் மளமளவென்று இழுத்தால் தலை சுற்றும், இடையில் சும்மா மூச்சு விட வேண்டும். பந்தை எழுப்புவதில் போட்டி வேண்டாம், மெதுவாக நீளமாக இழுத்து ஒரு பந்தை நிறுத்திப் பிடிப்பது போதும்.

இருமலுக்குத் தலையணை. சின்னதாக, கெட்டியாக. அதை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமினால் எலும்பு ஆடாது, வலி பாதியாகும். தும்மல் வந்தாலும் அதேதான், ஆனால் தும்மல் சொல்லிவிட்டா வருகிறது, அதனால் தலையணை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டதில் ரொம்ப உபயோகமானது இன்னொன்று. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி கழித்துப் பயிற்சியை வைத்துக்கொண்டால் ஆள் ஒத்துழைப்பார். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால் மூச்சும் இழுக்க முடியாது, இருமவும் முடியாது. அப்பச்சி அந்த வீரத்தை இரண்டு நாள் காட்டினார்.

இரண்டாம் நாள் நாற்காலியில் அரை மணி நேரம். அன்று சாயங்காலம் நெஞ்சுக் குழாய்களை எடுத்தார்கள். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை பதினைந்து அடி. பழநிக்குக் காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து பதினோரு வருடம் நடந்த மனிதர், பதினைந்து அடிக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்து, "போதும்த்தா, பழநி வந்துருச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

அன்று ராத்திரியே இதயத் துடிப்பு தாறுமாறாகி 130-ஐத் தாண்டியது. பைபாஸ் முடிந்த இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் நிறையப் பேருக்கு இது வருவதுண்டு என்று டூட்டி டாக்டர் சொன்னார், மருந்து ஏற்றினார்கள். எங்கள் ஆட்கள் உடனே, நடக்கவிட்டதால்தான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் காலை பிசியோ பெண் வந்தார், மானிட்டரைப் பார்த்தார், "இன்னிக்கு நடை வேணாம், மூச்சுப் பயிற்சியும் காலும் மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான். சீக்கிரம் ஆரம்பிப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவது இல்லை, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்து, அன்றைக்கு உடம்பு என்ன தாங்குமோ அவ்வளவு. ஐந்தாம் நாள் துடிப்பு சரியாகி, மறுபடி தாழ்வாரத்தில் நடை. ஏழாம் நாள் ஒரு மாடிப்படி ஏறி இறக்கிக் காட்டினார்கள், ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். 210 மீட்டர். எட்டாம் நாள் வீடு.

கிளம்புமுன் அவர் அப்பச்சிக்கு ஒரு கணக்கு கற்றுக்கொடுத்தார். 6-லிருந்து 20 வரை எண். சும்மா உட்கார்ந்திருப்பது 6, உயிர் போகிற உழைப்பு 20. போர்க் என்கிற ஸ்வீடன்காரர் உண்டாக்கியது. 11 என்றால் லேசு, 13 என்றால் கொஞ்சம் சிரமம். முதல் சில வாரம் 11-க்கும் 13-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நாடி பிடித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். இவருக்குக் கொடுத்திருக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடியை ஏறவிடாது, அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள், அவர் எப்படி உணர்கிறார் என்பதையும் கேளுங்கள் என்றார். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கி வார்த்தை துண்டானால் வேகம் அதிகம். செட்டியாருக்கு எண்ணால் பேசுவது சுலபம், உடனே பிடித்துக்கொண்டார்.

மதுரையிலிருந்து காரில் பின்சீட்டில், சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அந்தத் தலையணை, மேலூர் தாண்டி ஓரிடத்தில் நிறுத்திக் கொஞ்சம் நடை. எல்லாம் சரியாகத்தான் செய்தோம். அப்புறம் வீட்டுக்குள் நுழைந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் பார்க்க வருவார்கள், வராவிட்டால் மனக்குறை. காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும், முகப்பில் பாய் விரித்தாயிற்று, காபி ஓடுகிறது, தேன்குழலும் மனகோலமும் டப்பா டப்பாவாக வந்து இறங்குகிறது, இதய நோயாளி வீட்டுக்கு! அப்பச்சி ஈஸிசேரில் சாய்ந்தபடி வந்தவர்களுக்கெல்லாம் ஆபரேஷன் கதையைச் சொல்லிக்கொண்டு. தேவகோட்டையிலிருந்து வந்த அயித்தை அவரை எழுப்பிய என்னைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சுக்குள்ள கம்பியைக் கட்டி அனுப்பியிருக்காக, நீ நடக்கச் சொல்றியே, பெத்த அப்பன்தானடா? படுத்திருக்கட்டும்." அப்பச்சியும் அக்காள் பேச்சைத் தட்டாத தம்பி. பந்து டப்பா அலமாரிக்குப் போனது. பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு. நான் கடைக்குப் போய்விட்டேன், ஒரு வாரமாக மூடிக் கிடந்த கடை. நாலு நாள் நடையே கிடையாது என்றால் நடையே கிடையாது, கழிப்பறைக்குப் போனதைத் தவிர.

ஐந்தாவது நாள் ராத்திரி மூச்சு வாங்குகிறது என்றார். லேசாகக் காய்ச்சல். காரைக்குடிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தால் இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருக்கிறது, கொஞ்சம் நீரும் கோத்திருக்கிறது. மதுரைக்குப் போன் போட்டுப் படத்தை அனுப்பினோம். நீர் கோப்பது பைபாஸுக்குப் பின் வரக்கூடியதுதான், ஆனால் மூச்சுப் பயிற்சியை விட்டது தப்பு என்றார் டாக்டர், மருந்து மாற்றிக் கொடுத்தார், உடனே பக்கத்தில் ஒரு பிசியோவை ஏற்பாடு பண்ணச் சொன்னார். அயித்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, 1974-ல் ஐயாவுக்குச் சோறு ஊட்டியவர் அவர்தான். தப்பு என்னுடையது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொன்ன அத்தனையையும் நான் ஒருத்தன்தான் கேட்டுக்கொண்டேன், வீட்டில் இருக்கப் போகிறவர்கள் யாரையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தவில்லை. டிஸ்சார்ஜ் அன்று பிசியோ சொல்வதைக் கேட்க வேண்டியவர் வீட்டில் யாருடைய பேச்சு செல்லுமோ அவர்தான். பில் கட்டுகிறவர் இல்லை.

காரைக்குடியிலிருந்து வந்த பிசியோ தம்பி முதல் நாள் அப்பச்சியைப் பார்த்ததைவிட வீட்டைத்தான் அதிகம் பார்த்தார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று பின்வாசல்வரை போய்விட்டு வந்து முதலில் ஈஸிசேரைக் காட்டினார். "இதுல உக்காந்தா கையை ஊன்றாம எந்திரிக்க முடியுமா?" முடியாது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கினால் அத்தனை பாரமும் நெஞ்செலும்பில் விழும். எலும்பு கூட எட்டு வாரமாவது ஆகும், சர்க்கரை உள்ளவருக்குப் பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஈஸிசேர் அன்றே மாடிக்குப் போனது. பதிலுக்கு உயரமான மர நாற்காலி. முன்னால் நகர்ந்து, பாதத்தை உள்ளே இழுத்து, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வருகிற அளவு குனிந்து எழ வேண்டும். தொடை தூக்கும், கைக்கு வேலையில்லை. அப்பச்சிக்கு இது வர மூன்று நாள் ஆனது.

அடுத்தது ஊஞ்சல், சங்கிலியைப் பிடித்து இழுத்துத்தானே உட்காருகிறோம், வேண்டாம். கிணற்றடியில் வாளி தூக்குவது வேண்டாம், தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேத்தி, எதுவும் இரண்டு கிலோவுக்குமேல் கூடாது. பேத்திக்குத்தான் கோபம். பின்கட்டில் இருந்த குத்துக்கால் கழிப்பறைக்கு என் கடையிலிருந்தே கமோடு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தேன். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார், மூச்சைப் பிடித்து முக்கினால் நெஞ்சுக்கும் ஆகாது, பி.பி.க்கும் ஆகாது. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதும் நின்றது.

யாருக்குமே தோன்றாதது வாசல் கதவு. பர்மா தேக்கு, என் தாத்தாவுக்குத் தாத்தா போட்டது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். அதை ராத்திரி சாத்துவது நாற்பது வருடமாக அப்பச்சியின் வேலை. ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் போய்த் தள்ளியிருக்கிறார். நெஞ்சில் சுருக்கென்று வலி. நல்லவேளை எலும்பு விலகவில்லை, மூச்சு விடும்போது உள்ளே 'டிக் டிக்' என்று சத்தமோ உரசலோ கேட்டால் உடனே மதுரைக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், இரண்டு நாள் எல்லாரும் அவர் நெஞ்சுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் சாவி ஆத்தாவின் இடுப்புக்குப் போய்விட்டது.

ஆனால் எங்கள் வீடுகளில் ஒரு வரமும் இருக்கிறது. வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த பத்தி, சமதரை, நிழல், எப்போதும் காற்று. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைவிட நல்ல நடைபாதை. கடையிலிருந்து டேப் கொண்டுவந்து அளந்தேன், ஒரு சுற்று 32 மீட்டர். தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அலுத்தால் உட்கார. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மழைச் சாரலில் வழுக்கும், அதனால் ஐப்பசி மழை அடித்த நாட்களில் முற்றத்து ஓரமாகப் போகவிடவில்லை, செருப்போடுதான் நடை. முதல் நாள் மூன்று சுற்று, காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று தடவை. ஒரே தடவையில் நிறைய நடப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நடப்பது அந்த நாட்களுக்குச் சரி. முதல் இரண்டு நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் மெதுவாக, சட்டென்று நின்றால் தலை சுற்றும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், வெறும் வயிற்றில் இன்சுலினைப் போட்டுவிட்டும் நடக்கக்கூடாது. சர்க்கரை இறங்கினால் வாயில் போட, சட்டைப்பையில் இரண்டு மிட்டாய்.

ஆத்தா தூணில் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள், சுற்றுக்கு ஒன்று. "எத்தனை?" என்று கேட்டால் சுற்றை இல்லை, அந்த 6-20 எண்ணை. "பன்னிரண்டு." "அப்ப இன்னொண்ணு போங்க." பதினான்கு என்றால் நாற்காலி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது ஒருவழியாக வீட்டுப் பேச்சாக மாறியது இப்படித்தான். அயித்தையும் மறுபடி வந்தபோது அந்த எண்ணைக் கற்றுக்கொண்டு, தான் மாடிப்படி ஏறினாலே பதினாறு வருகிறதே என்று கவலைப்பட ஆரம்பித்தார், அவரையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டினோம்.

தோளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வலிக்கும் என்று பயந்து தோளைச் சுருக்கிக் கூன் போட்டுக்கொண்டே இருந்தால் தோள் இறுகிப்போகும், கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும். பாரம் தூக்கக்கூடாது என்றால் கையையே அசைக்கக்கூடாது என்று அர்த்தமில்லை. தோளைப் பின்பக்கமாக உருட்டுவது, இரண்டு கையையும் சேர்த்து வலி வராத உயரம் வரை மெதுவாகத் தூக்கி இறக்குவது, தினமும். முழங்கையை விலாவோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு செய்கிற சின்ன வேலைகளுக்குத் தடையில்லை. இடது மார்பில் மரத்தாற்போல, சில நேரம் எறும்பு ஊர்கிறாற்போல இருக்கிறது என்று அவர் பயந்தார், அது அங்கிருந்து தமனியை எடுத்ததால் வருவது, மாதக்கணக்கில் இருக்கலாமாம். காலில் சிரை எடுத்த இடம் நெஞ்சைவிட அதிகம் படுத்தியது. சாயங்காலம் கணுக்கால் வீங்கிவிடும், உட்காரும்போதெல்லாம் முக்காலியில் தூக்கி வைத்து, பகலில் இறுக்கமான காலுறை. காலையில் எடை பார்ப்போம், ஒரே நாளில் ஒரு கிலோவுக்குமேல் ஏறினால் நீர் தேங்குகிறது என்று அர்த்தம், உடனே போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். காயத்தில் கசிவு, காய்ச்சல், கெண்டைக்காலில் ஒருபக்கம் மட்டும் வலியும் வீக்கமும், படபடப்பு, மயக்கம் இதற்கும் அப்படியே. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நடையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், உட்கார்ந்தும் விடவில்லை என்றால் போன் பேசிக்கொண்டிருக்கக்கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

மூன்றாவது வாரம் அவர் அழுதார். காரணமே இல்லாமல், இட்லியைப் பார்த்துக்கொண்டு. நான் பார்த்து அவர் அழுதது அதற்கு முன் அப்பத்தா போனபோது ஒரு தடவைதான். பைபாஸ் முடிந்த நிறையப் பேருக்கு இப்படி வரும், வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார் பிசியோ தம்பி. அன்று முதல் நடையை வளவிலிருந்து வெளியே மாற்றினார். விடிகாலை ஊருணிக் கரை, வெயில் ஏறுமுன். கரையில் நாலு பேர் பேசக் கிடைத்தார்கள், பேசிக்கொண்டே நடந்ததில் மூச்சுச் சோதனையும் தானாக நடந்தது. அழுகை எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

ஒரு தடவை வந்து போக அந்தத் தம்பிக்கு 500 ரூபாய். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு நாள். மொத்தச் செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. பெரும்பாலும் காப்பீட்டில் வராது என்பதால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மனகோலம் கொண்டுவந்தவர்களுக்குக் கொடுத்த காபிப் பொடிச் செலவு அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

பத்தாவது வாரம் மதுரையில் மறுபடி அந்த ஆறு நிமிட நடை. 385 மீட்டர். அந்தப் பெண்ணே வந்து அளந்தார். "பழநி எவ்வளவு தூரம்யா இருக்கு?" என்று கேட்டார், ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். தைப்பூசம் வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் காவடியும் கிடையாது, பாதயாத்திரையும் கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குன்றக்குடியில் நடைக்காரர்களை வழியனுப்பவாவது போகிறேன் என்று அடம்பிடித்து அனுமதி வாங்கினார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் மலைமேல் போய்ச் சாமியைப் பார்த்துவிடலாம் என்றார். பன்னிரண்டு வாரம் முடிந்திருந்தது, படி ஏறலாம் என்று பிசியோ தம்பியும் சொல்லியிருந்தார். இருந்தாலும் எனக்குத்தான் படபடப்பு. பின்னாலேயே போனேன், கையில் தண்ணீர், பையில் மிட்டாய். கொஞ்ச தூரம் ஏறியதும், "அப்பச்சி, உக்காருவமா?" என்றேன். காதில் வாங்கவில்லை. இன்னும் பத்துப் படி. திரும்பக் கேட்கலாமா என்று நினைக்கும்போதே ஓரமாக ஒதுங்கி, கையை ஊன்றாமல், தொடையால் மெல்ல இறங்கிப் படியில் உட்கார்ந்தார்.

"பதினாலு ஆயிருச்சு. ரெண்டு நிமிஷம் பொறு."